குடத்தில் போட்ட அறுபது இடங்கள்

பித்தளைக் குடம் கனக்கும் என்பது எனக்குத் தெரியும். காலிக் குடம்கூடக் கனக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே வெறும் தாள் துண்டுகள். இருந்தும் மணிக்கட்டு இரண்டும் விண்விண் என்று தெறித்தன. மேடையில் நான், மேசையோரம் சாய்த்துப் பிடித்த குடம், எதிரே வரிசையில் பிள்ளைகள். ஒவ்வொருவராக வந்து கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார்கள். "உண்டு" என்று எழுதியிருந்தால் கல்லூரியில் இடம் உண்டு. ஒன்றும் எழுதாமல் இருந்தால் இல்லை.

மின்விசிறியை நிறுத்தச் சொல்லியிருந்தோம், சீட்டு பறந்துவிடக் கூடாதே என்று. அரங்கு முழுக்க வியர்வையும் மல்லிகைப் பூவும் யாரோ பிரித்த பிஸ்கட் பாக்கெட்டும் கலந்த வாசனை. வர்ஷாவின் முறை வந்தது. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று வைத்திருந்தேன்.

அவளுக்கு "உண்டு" வர வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. இந்த வயதில் அப்படியெல்லாம் ஆசைப்படுவது நல்லதில்லை.

பேச ஆள்

வாசகர் ஒருவர் பெருங்களத்தூரிலிருந்து எழுதியிருக்கிறார். இத்தனை வாரமாகக் கல்லூரியையும் மாணவர்களையுமே எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டில் யாருமே இல்லையா என்று கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. நேரடியாகக் கேட்டதற்கு நன்றி. சுற்றிவளைத்துக் கேட்பவர்களைவிட நீங்கள் மேல்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவோடு இருந்தேன். அம்மா போன பிறகு சேலையூரில் மூன்றாவது மாடியில் நானும் ஒரு ஃபிரிட்ஜும் இருக்கிறோம். அது மட்டும் அவ்வப்போது குரல் கொடுக்கும். கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தவரை பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஓய்வுபெற்ற மறுவாரமே தொண்டை கட்டியதுபோல் ஆகிவிட்டது. பேசாமல் இருந்தால் குரல் துருப்பிடிக்கும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவர் கையைக் குலுக்கப் போய்விடுவார்கள். கடன் வேண்டுமா என்று வங்கியிலிருந்து அழைக்கும் பெண்களிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவேன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டிருக்கிறேன். ஒருத்தி பயந்துபோய் வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஏகாம்பரம் சார் வந்தார்.

ஏகாம்பரம் சார்

நாவலூர்க்காரர். பரம்பரையாக நிலம். அந்த நிலத்தின் மேல்தான் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. பேத்தியின் கல்லூரி இடத்துக்காக எங்கெங்கோ அலைந்து, எங்கேயும் அவமானப்பட்டு, கடைசியில் கோபத்தில் தானே ஒரு கல்லூரி கட்டிவிட்டார். கோபத்தில் வீட்டைவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லூரி கட்டியவரை அவரைத்தான் பார்த்தேன்.

யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். டீ போட்டுக்கொடுத்தேன். வீட்டில் இரண்டு கோப்பை வெளியே எடுத்து வெகுநாள் ஆகியிருந்தது.

"மேடம், பில்டிங் கீது, பர்மிஷன் கீது, வாத்தியாருங்க வந்துட்டாங்க. பசங்கள எப்டி எடுக்கறதுன்னுதான் தெரியல. மார்க்கு பாத்து எடுத்தா இன்னொரு கட எதுக்கு? அதான் ஊர் முழுக்கக் கீதே. நல்ல காலேஜுன்னா எப்டி எடுக்கணுமோ அப்டி எடுக்கணும். நீங்க சொல்லுங்க, நா செய்றேன்."

முப்பது வருடம் சேர்க்கைக் குழுக்களில் உட்கார்ந்தவள் நான். ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கட்-ஆஃப் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். அங்கேயே வரலாறு நடத்தவும் ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குப் பசியே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

என்னை யாரும் கேட்கவில்லை

நான் கல்லூரியில் சேர்ந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி அப்பாவும் நானும் நடந்தோம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கஞ்சி போட்ட சட்டை, அது நடக்க நடக்கச் சரசரக்கும். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்ன படிக்க விருப்பம், ஏன் வரலாறு, ஹாஸ்டலா வீடா என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாமே அப்பாவிடம்.

அப்பா எல்லாவற்றுக்கும் எழுந்து நின்று பதில் சொன்னார். ரொம்ப நன்றாகச் சொன்னார். இடம் கிடைத்தது. அப்பாவுக்குத்தான் கிடைத்தது, நான் போய்ப் படித்தேன் என்று பிற்பாடு தோழிகளிடம் கேலியாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்த அறையில் என் குரலை யாரும் கேட்காதது உள்ளே எங்கோ உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆகவே நான் எழுதிய முதல் விதி, பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியே பந்தல், நாற்காலி, மோர். இரண்டாவது விதி, கேள்வியை நாங்கள் கேட்க மாட்டோம். பிள்ளைகள் கேட்க வேண்டும், நாங்கள் பதில் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை மதிப்பெண் சொல்லிவிடும். என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அது கேட்கும் கேள்விதான் சொல்லும்.

பிளஸ் டூ தேறியிருந்தால் போதும். சிபாரிசு என்று ஒரு வார்த்தை வந்தால் விண்ணப்பம் குப்பைக்கு. குழுவில் நான், ஏகாம்பரம் சார், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். அவர் எப்போதும் கடைசியாகப் பேசியவரோடு ஒத்துப்போவார்.

கேம்ப் ரோடு போர்டு

முதல் வருடம் முதல் இரண்டு நாள் அருமையாகப் போயிற்று. ஒரு பையன் நாய்கள் ஏன் ஸ்கூட்டரை மட்டும் துரத்துகின்றன, சைக்கிளைத் துரத்துவதில்லை என்று கேட்டான். எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. உடனே எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்து, "மேம், வாழ்க்கைல நீங்க கத்துக்கிட்ட பெரிய பாடம் என்ன?" என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று நெகிழ்ந்து பதில் சொன்னேன். அடுத்து வந்த பையனும் அதையே கேட்டான். அவனுக்கு அடுத்தவளும் கேட்டாள். மத்தியானத்துக்குள் என் பெரிய பாடத்தை நானே வெறுத்துவிட்டேன்.

அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது கேம்ப் ரோட்டில் ஒரு புது போர்டு கண்ணில் பட்டது. கேள்வி கேட்கப் பயிற்சி, ஒரே நாளில், ஏசி வசதியுடன். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நம் ஊரில் மூச்சு விடுவதை வைத்து ஆள் எடுத்தால் மூச்சுக்கும் ஒரு டியூஷன் சென்டர் திறப்பார்கள்.

இருந்தாலும் சமாளித்தோம். பாடம் பண்ணிய கேள்விகளைத் தள்ளி, மற்றவர்களிலிருந்து அறுபது பேரைப் பொறுக்கினோம். உண்மையில் பொறுக்கியது நான்தான். அவர்கள் இருவரும் தலையாட்டினார்கள்.

வருட முடிவில் ஏகாம்பரம் சார் வராந்தாவில் நின்றுகொண்டு வகுப்பை எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே மேடம்?"

"சொல்லுங்க சார்."

"நீங்க எடுத்த புள்ளைங்க எல்லாம் நல்ல புள்ளைங்கதான். ஆனா எல்லாம் உங்கள மாதிரியே கீதுங்க. கண்ணாடி போட்டுகினு, மெதுவா பேசிகினு, புக்க வெச்சிகினு. ஒண்ணு சண்ட போடல, ஒண்ணு சத்தம் போடல. இது காலேஜா, இல்ல உங்க வூட்டு ஹாலா?"

கோபித்துக்கொள்ளத்தான் செய்தேன். இரண்டு நாள் அவர் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நானே கூப்பிட்டேன், வேறு யாரைக் கூப்பிடுவது?

திருவுளச்சீட்டு

அவர் சொன்ன வழி இது. பேச்சு இருக்கட்டும். ஆனால் அது வடிகட்ட மட்டும். உண்மையிலேயே படிக்க விரும்பி வந்த பிள்ளையா என்று பார்த்துக்கொள்வோம். அதில் தேறியவர்களில் யார் உசத்தி என்று நாம் பார்க்க வேண்டாம். சீட்டுப் போட்டுவிடுவோம்.

"எங்க அப்பா செத்தப்ப அண்ணன் தம்பி அஞ்சு பேரு. நெலம் அஞ்சு துண்டு. அம்மன் கோயில்ல கொடத்துல திருவுளச்சீட்டுப் போட்டு, அவங்கவங்க கையாலயே எட்த்தோம். கடைசித் தம்பிக்கு ரோட்டு மேல நெலம் வுழுந்துச்சு. எனக்கு உள்ள தள்ளி, ஏரிக்கரையில. ஒருத்தன் ஒரு வார்த்த பேசல. இன்னிக்கும் பொங்கலுக்கு அஞ்சு பேரும் ஒண்ணாத்தான் குந்தி சாப்புடறோம்."

எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் ஃப்ரெண்டுக்குத்தான் சீட்டு எடுப்போம். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாகப் பரிசு கொடுக்க வேண்டும். ஒரு வருடம் என் சீட்டில் என் பெயரே வந்தது. மாற்றித் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு குடை வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். சீட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

ஆனால் யோசிக்க யோசிக்க அவர் சொன்னதில் நியாயம் இருப்பது தெரிந்தது. நானே உட்கார்ந்து விதியாக எழுதினேன். குடத்தை யார் பிடிப்பது என்ற பேச்சு வந்தது. "ரூல் எழுதினவங்கதான் புடிக்கணும்" என்றார். வங்கி மேலாளரும் அதையே சொன்னார்.

காலி இடம்

இரண்டாம் வருடம் வர்ஷா வந்தாள். நாவலூரில் பதினாலாவது மாடி. அம்மா அப்பா இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அப்பா இன்ஜினியரிங்கில் இடம் பேசி வைத்திருந்தார். இந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பிக்க அனுமதி வாங்கியிருந்தாள். இங்கே கிடைத்தால் வரலாறு, கிடைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் இன்ஜினியரிங். வந்ததும் அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"மேம், எங்க பில்டிங் கட்றதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னு அப்பாகிட்ட கேட்டேன். காலி இடம்னாரு. காலியா ஒரு இடம் எப்படி மேம் இருக்க முடியும்? யாராவது ஏதாவது பண்ணிட்டுதானே இருந்திருப்பாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் சார் முன்னால் சாய்ந்தார். "எந்த பில்டிங்மா?"

பெயரைச் சொன்னாள்.

"அது எங்க நெலம்."

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் அறையில் இருப்பதே மறந்துபோயிற்று.

"என்ன அங்கிள் போட்டீங்க அங்க?"

"நெல்லு. அப்பறம் வேர்க்கல்ல. கடைசில ஒண்ணும் போடல, சும்மா கெடந்துச்சு."

"அப்ப காலி இடம்தானா?"

"காலி இல்லம்மா. சும்மா கெடந்துச்சு. அது வேற."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "வித்தப்ப அழுதீங்களா?"

"அழுவுல. கார் வாங்கினேன்." சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "வாங்கி, ஒருநா அங்க எட்த்துகினு போய் நிறுத்தினேன். சும்மா பாக்கலாம்னு. செக்யூரிட்டி வண்டிய எடுங்கன்னான்."

"அப்புறம்?"

"எட்த்துட்டேன்."

வர்ஷா மெதுவாக, "நீங்க எங்க வீட்டுக்கு வாங்க அங்கிள், நான் கேட்ல சொல்லி வைக்கறேன்" என்றாள்.

விதிப்படி நான் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டேன். "உங்க மாடில பேசறதுக்கு யார் இருக்காங்கம்மா?"

"நாலு வீடு மேம். லிஃப்ட்ல பார்த்தா ஹாய் சொல்வோம். பேரு தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "இன்னிக்குத்தான் மேம் நான் இவ்ளோ பேசினேன்" என்றாள்.

எனக்கும் அன்றைக்குத்தான் அவ்வளவு பேச்சு. வீட்டுக்கு வந்து, இரவு சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அவளோடு மனதுக்குள் பேசிக்கொண்டே இருந்தேன். எந்தப் பத்திரத்தை எங்கே தேடலாம், ஏரியின் பழைய வரைபடம் எங்கே கிடைக்கும் என்று. மூன்று வருடம் அவள் அந்தக் கல்லூரியில் இருப்பாள், மதியம் என் அறைக்கு வருவாள், நாங்கள் பேசுவோம். இப்படியே என் கற்பனை ஓடியது.

மறுநாள் ஏகாம்பரம் சாரிடம் கேட்டேவிட்டேன். "சார், ஒரே ஒரு இடத்தை மட்டும் தனியா வெச்சிக்கலாமா?"

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் அவளைப் பிடித்திருந்தது, எனக்குத் தெரியும்.

"அன்னிக்கு நா ரோட்டோர நெலத்த ஒரு சீட்டுல தனியா மடிச்சி வெச்சிருந்தா, இன்னிக்கு என் தம்பி என் வூட்ல கை நனைப்பானா மேடம்?"

என் விதியை அவர் எனக்கே படித்துக் காட்டுவார் என்று எதிர்பார்க்கவில்லை.

வெறும் தாள்

அந்தக் குடத்துக்குள் வர்ஷா கையை விட்டாள். நன்றாகத் துழாவினாள். சீட்டை எடுத்துப் பிரித்தாள், திருப்பிப் பார்த்தாள், என்னிடம் காட்டினாள்.

"வெறும் தாள் மேம்."

"ஆமாம்மா."

"அப்ப நான் நல்லா பேசலன்னு அர்த்தம் இல்லல்ல?"

"இல்லம்மா. அப்படி அர்த்தமே இல்ல."

தலையை ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. "அத மட்டும் அப்பாகிட்ட சொல்றீங்களா மேம்? நான் சொன்னா நம்ப மாட்டாரு."

வரிசை முடிந்ததும் குடத்தை வைத்துவிட்டுப் பந்தலுக்குப் போனேன். அவள் அப்பா அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். மரியாதையாக எழுந்து நின்றார்.

"சார், உங்க பொண்ணு தோத்துப் போகல. அவ தகுதியானவ. சீட்டு வரல, அவ்வளவுதான்."

அவர் கோபமே இல்லாமல், உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: "தகுதி இருக்குன்னா சீட் குடுக்கலாமே மேடம்?"

முப்பது வருடம் பதில் சொல்லியே பிழைத்தவள் நான். அறுபது இடத்துக்குமேல் நாற்காலி இல்லை சார் என்று ஏதோ முணுமுணுத்தேன். வர்ஷா அவர் கையைப் பிடித்து, "போலாம்பா" என்றாள். காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள்.

வெளியே நிற்பவள்

இப்போது அந்த வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. நல்ல வகுப்பு, அதில் சந்தேகமே இல்லை. கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பையன் ஒருவன் எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருகிறான். பின் பெஞ்சில் ஒருத்தி என் உச்சரிப்பை அப்படியே நடித்துக் காட்டுகிறாள், எனக்கே சிரிப்பு வருகிறது. வராந்தா வரை சத்தம் கேட்கிறது. என்னைப் போல ஒருவர்கூட இல்லை. மணி அடித்தால் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். மதியம் என் அறைக்கு யாரும் வருவதில்லை. அவர்களுக்கு அவர்கள் இருக்கிறார்கள், அப்படித்தானே இருக்க வேண்டும்.

போன வாரம் ஏகாம்பரம் சார் தன் காரில் என்னைச் சேலையூர் வரை கொண்டுவந்து விட்டார். சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கும்போது கேட்டார்.

"அந்தப் பொண்ணு இன்னா ஆச்சி மேடம்? ஃபோன் கீன் போட்டுக் கேட்டீங்களா?"

"இல்ல சார். குழுவில இருக்கறவங்க விண்ணப்பம் போட்டவங்களோட தனியா தொடர்பு வெச்சிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கோமே."

"அது சிபாரிசு வரக் கூடாதுன்னு எழுதினது மேடம்."

"ஆமா சார். நான்தான் எழுதினேன்."

சிக்னல் விழுந்தது. கொஞ்ச தூரம் போனபின், "மாத்தணும்னா மாத்திக்கலாம். கமிட்டில மூணு பேருதான்" என்றார்.

"மாத்தினா அடுத்த வருஷம் எல்லாரும் சிபாரிசுக்கு ஃபோனை எடுத்துருவாங்க சார்."

"அதுவும் சரிதான்."

"வேணாம் சார்" என்றேன்.

மூன்று மாடி ஏறி, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டேன். எனக்கு அவளிடம் பாடம் பற்றி ஒன்றும் பேச வேண்டியதில்லை. இன்ஜினியரிங் வகுப்பில் அவள் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள், அவளிடம் பேசுகிறார்களா என்று மட்டும் கேட்க வேண்டும்.